பெயர் தெரியாதவரின் பின்னே ஒரு நடை

கடலே இல்லாத கடற்கரைத் தெரு எங்கே இருக்கிறது, தெரியுமா?

பினாங்குக்காரர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். ஜோர்ஜ்டவுனில் உள்ள லெபோ பந்தாய்தான் அது. ஆங்கிலத்தில் பீச் ஸ்திரீட். வங்கிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் அந்தத் தெருவில் எங்கே நின்று பார்த்தாலும் அலை தெரியாது. ஒரு காலத்தில் அந்தத் தெருவின் ஓரம்வரை கடல் இருந்தது. 1880களில் கடலைத் தூர்த்து நிலமாக்கி, வெல்ட் கீ என்ற புதிய கரையோரச் சாலையைப் போட்டார்கள். கடல் தள்ளிப் போய்விட்டது. பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

பாடமாகப் படித்தால் இது இரண்டு வரி. தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். ஆனால் பதிமூன்று வயதுப் பையன் ஒருவனின் கையில் மடித்த பழுப்புக் காகிதம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அதில் இப்படி எழுதியிருக்கிறது: "படகிலிருந்து இறங்கியதும் என் கால் பட்ட தெரு இது. நீயும் இங்கே நின்று கடலைத் தேடு. நான் போன பிறகு அது எத்தனை காலடி ஓடியிருக்கிறது என்று எண்ணிச் சொல்." அந்தப் பையன் எண்ணிக்கொண்டே ஓடுகிறான். வெல்ட் கீ சாலையைக் கடக்கக் கூடாது என்பதற்காக ஆசிரியர் ஒருவரை அங்கே முன்கூட்டியே நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு வேகம்.

இப்படிக் கதையோடு நடந்து ஊரைப் பார்ப்பதற்கு நாங்கள் 'கதைநடை' என்று பெயர் வைத்திருக்கிறோம். வழிகாட்டி முன்னே நடந்து, "இது இன்ன ஆண்டு கட்டியது" என்று சொல்லிக்கொண்டே போவது வேறு. கதைநடையில் உங்கள் கையில் ஒரு கதை இருக்கும். கதையில் ஒரு முடிச்சு இருக்கும். அதை அவிழ்க்கும் விடை தெருவில் இருக்கும்: ஒரு கல்வெட்டில், ஒரு வாசலுக்கு மேலே, ஒரு கடைப் பலகையில். நடந்தால்தான் கதை நகரும்.

உலகத்துக்கு இது புதிதல்ல. அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 16ஆம் தேதி, ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசீஸ்' நாவலின் நாயகன் நடந்த வழியில் வாசகர்கள் நடக்கிறார்கள். நாவலின் கதை 1904இல் ஒரே நாளில் நடக்கிறது. வாசகர்களின் முதல் நடை 1954இல் நடந்தது. கனடாக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் 1999இல் லண்டனின் கிழக்குப் பகுதிக்காக ஓர் ஒலிநடையை உருவாக்கினார். காதில் ஒரு பெண்ணின் குரல் கேட்கும். அது சொல்லும் திசையில் நீங்கள் நடக்க வேண்டும். ஜப்பானில் 2007இல் கியோட்டோவில் தொடங்கிய அறைப்புதிர் விளையாட்டு, பிறகு அறையை விட்டு வெளியே வந்து தெருக்களிலும் ரயில் நிலையங்களிலும் நடக்கத் தொடங்கிவிட்டது. நம் நாட்டிலும் ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட விளையாட்டுகள் உண்டு. தமிழில் ஒன்று செய்து பார்த்தால் என்ன என்பதுதான் எங்கள் ஆசை.

நான் பினாங்கில் பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டு மாணவி. ஊர் கெடா. ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. எங்கள் குழுவில் நான்கு பேர். தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் தோழி ஒருத்தி, மேடை நாடகப் பைத்தியம் பிடித்த நண்பன் ஒருவன், வரைபடம் வரைந்து தந்த சீனத் தோழி, அப்புறம் நான். பெருநிலத்தில் உள்ள ஒரு பள்ளியின் படிவம் ஒன்று மாணவர்கள் 25 பேருக்காக இந்த நடையைத் தயாரித்தோம்.

யார் நாயகன்?

ஜோர்ஜ்டவுனில் கதைக்குப் பஞ்சமில்லை. 2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பிடித்த ஊர் இது. ஆனால் இங்கு வரும் பலருக்கு ஊர் என்றால் சுவர் ஓவியங்கள்தான். 2012இல் எர்னஸ்ட் ஸகாரவிச் ஆர்மேனியன் தெருவில் வரைந்த சைக்கிள் குழந்தைகளின் முன்னால் எப்போதும் வரிசை நிற்கிறது. ஓவியம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் படம் எடுத்ததும் பார்க்க வேண்டியது முடிந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. எங்கள் நடையில் சுவர் ஓவியம் ஒன்றுகூட வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்தோம்.

அடுத்த கேள்வி, யாருடைய கதையைச் சொல்வது?

1786இல் இங்கே வந்து இறங்கிய பிரான்சிஸ் லைட்டை நாயகனாக்கலாம் என்றான் நாடக நண்பன். வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் அடைத்துக் காட்டுக்குள் சுட்டு, காசைத் தேடும் சாக்கில் ஆட்களைக் காடு வெட்ட வைத்தார் என்ற கதை அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. லைட்டுக்கு ஏற்கெனவே ஒரு தெரு இருக்கிறது, சிலை இருக்கிறது, நினைவு மண்டபம் இருக்கிறது. இனி நாங்கள் வேறு எதற்கு?

கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போன பிறகு விவாதம் முடிந்தது. அங்கே ஸ்ரீ ரம்பாய் என்ற வெண்கலப் பீரங்கி இருக்கிறது. டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜொகூர் சுல்தானுக்குப் பரிசாகப் போய், அங்கிருந்து ஆச்சேக்காரர்கள் கைக்கு மாறி, பிறகு சிலாங்கூருக்கு வந்து, கடைசியில் 1871இல் கோல சிலாங்கூரைத் தாக்கிய பிரிட்டிஷாரால் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் வாயில் பூ வைத்துப் பிள்ளை வரம் கேட்டவர்கள் உண்டு. இத்தனை கை மாறியும் அதை வார்த்தவரின் பெயரும் 1603 என்ற ஆண்டும் அதன் உடம்பிலேயே இருக்கின்றன.

கோட்டையிலிருந்து பத்து நிமிட நடையில் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818இல் கட்டி முடித்தது. வெள்ளைத் தூண்கள், முன்னால் பச்சைப் புல்வெளி. கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வரும் இடம். அதைக் கட்டிய கைகள் கைதிகளுடையவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வங்காளம், மதராஸ், பம்பாய் மாகாணங்களிலிருந்து கைதிகளைப் பினாங்குக்கு நாடு கடத்தி, சாலை போடவும் சதுப்பு நிலம் தூர்க்கவும் கட்டடம் கட்டவும் வைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. சுவருக்குச் சுவர் தேடினோம். பாதிரியார்களுக்கு நினைவுப் பலகை உண்டு. செங்கல் சுமந்தவர் ஒருவரின் பெயரும் இல்லை.

ஆளைக் கொல்லும் பீரங்கியைச் செய்தவருக்கு 400 ஆண்டாகப் பெயர் நிற்கிறது. தேவாலயம் கட்டியவருக்கு இல்லை. "இவர்தான் நம்ம ஆள்" என்றாள் சீனத் தோழி. அவளுக்குத் தெரிந்த நான்கைந்து தமிழ் வாக்கியங்களில் அது ஒன்று.

எங்கள் நாயகன் மதராஸிலிருந்து வந்த ஒரு கைதி. 1816இல் லெபோ பந்தாயில் இறங்குகிறார். தேவாலய வேலைக்குப் போகிறார். ஒன்பது கடிதங்கள் எழுதுகிறார். கடிதங்களில் கையெழுத்து இல்லை. அவருக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. இதற்காக எங்களுக்குள் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது என்று சொன்னால் நம்புவீர்களா? பெயரில்லாத பாத்திரத்தோடு பார்வையாளன் ஒட்டமாட்டான் என்பது நாடக நண்பனின் கட்சி. சுவரில் இல்லாத பெயரைக் காகிதத்தில் நாமே எழுதிவிட்டால், இல்லை என்பதே மறைந்துபோகும் என்பது என் கட்சி. கடைசியில் சீனத் தோழிதான் தீர்ப்புச் சொன்னாள். பெயர் வேண்டாம், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடு மட்டும் போட்டு விடுவோம் என்றாள்.

அவருக்குத் தெரியாதவை

இந்த நடையின் புதிர் சிக்கலான எண் கணக்கு ஒன்றுமில்லை. ஒரே கேள்விதான், ஒவ்வோர் இடத்திலும்: "இதை அவர் பார்த்திருப்பாரா?"

நாயகன் 1816இலிருந்து 1818வரைதான் பேசுகிறார். அவர் சொல்லும் வழியில் மாணவர்கள் இன்றைய ஊரில் நடக்கிறார்கள். வழியில் அவருக்குத் தெரியாதவை குறுக்கே வந்துகொண்டே இருக்கும். கோட்டைக்கு அருகில் உள்ள விக்டோரியா மணிக்கூண்டு எளிது. மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டு ஆனதற்காகச் சியா சென் யோக் என்ற செல்வந்தர் கட்டிக்கொடுத்தது. ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். கட்டி முடிக்கும்போது 1902. மகாராணி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். எங்கள் நாயகனின் காலத்தில் விக்டோரியா பிறக்கவேயில்லை. பிள்ளைகள் பலகையைப் படித்த உடனே "பார்க்கல!" என்று கத்தினார்கள்.

ஸ்ரீ ரம்பாயில் எல்லாக் குழுவும் தடுமாறியது. 1603 என்றால் நாயகனைவிட 200 ஆண்டு மூத்தது. அப்படியானால் பார்த்திருப்பார்தானே? ஆனால் அது பினாங்குக்கு வந்தது 1871இல். பொருளின் வயது வேறு, அது இந்த இடத்தில் இருக்கும் வயது வேறு. வரலாற்று ஆசிரியர் ஒரு மணி நேரம் விளக்க வேண்டியதைப் பீரங்கியே விளக்கிவிட்டது.

தேவாலயத்திலிருந்து தெற்கே போகும் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்கில், பழைய பெயர் பிட் ஸ்திரீட்டில், நடை சூடுபிடிக்கும். சில நூறு மீட்டருக்குள் குவான் யின் கோயில், ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தின் பின்புறம், பிறகு பள்ளிவாசல். குவான் யின் கோயிலில் ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும். அது சுமார் 1800இல் கட்டியது, எனவே அவர் பார்த்திருக்கலாம். ஆச்சே தெரு மசூதி 1808, பார்த்திருக்கலாம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் காதிர் முகைதீன் நிறுவியது. ஆனால் இன்று நாம் வியக்கும் குவிமாடங்கள் பிற்காலத்தவை. ஆகவே பள்ளிவாசலைப் பார்த்திருக்கலாம், குவிமாடத்தைப் பார்த்திருக்க முடியாது.

அந்தப் பள்ளிவாசலின் பெயரைப் படித்ததும் இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும். கலிங்கத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் அந்தச் சொல், முன்பு இந்தியக் கரையோர மக்களைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாக இருந்தது. இன்று நம்மைப் புண்படுத்தும் சொல்லாகிவிட்டது. கப்பித்தான் என்பது அந்தச் சமூகத்தின் தலைவருக்குக் கொடுத்த பதவி. பள்ளிவாசல் வாசலில் நின்று என் தோழி அதை அவர்களுக்குச் சொன்னாள். அவளுடைய குடும்பம் தலைமுறையாகத் தொழும் இடம் அது. பையன்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் காதிர் முகைதீன் என்ன வியாபாரம் செய்தார், எந்த ஊர்க்காரர் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மாரியம்மன் ஆலயம்தான் எங்களையே அதிகம் சோதித்தது. கோயில் எழுந்தது 1833இல். எனவே விடை "பார்க்கவில்லை". இதைக் கேட்டதும் ஒரு மாணவி, "அப்ப அவரு கும்பிட கோயில்கூட இல்லையா அக்கா?" என்றாள். அவள் கையிலிருந்த வெள்ளை அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். அந்த நிலம் 1801இலேயே வழிபாட்டுக்காகக் கிடைத்தது, முதலில் அங்கே சிறிய வழிபாட்டிடம் இருந்தது என்பது கோயில் வரலாறு. ஆகவே கோபுரம் இல்லை, விளக்கு இருந்திருக்கலாம். விடைத்தாளில் இதற்கு மட்டும் 'பாதி' என்று போட்டிருந்தோம். அதற்கு அரை மதிப்பெண்ணா முழு மதிப்பெண்ணா என்று குழுக்களுக்குள் பெரிய வழக்கே நடந்தது.

வெள்ளை, பச்சை, பழுப்பு

கையில் மூன்று நிற அட்டைகள் கொடுத்திருந்தோம். வெள்ளை என்றால் உண்மை. ஆண்டு, பெயர், அளவு. பச்சை என்றால் 'சொல்கிறார்கள்'. ஊர் வாயில் உள்ள கதை. பழுப்பு என்றால் எங்கள் கற்பனை. ஒவ்வொரு பழுப்புக் கடிதத்தின் பின்னாலும் "இதை எழுதியது நாங்கள்" என்று அச்சடித்திருந்தோம்.

லைட் சுட்ட வெள்ளிக்காசு பச்சை. லைட்டின் உருவப்படம் கிடைக்காததால் அவர் மகன் வில்லியமின் முகச்சாயலில் சிலை செய்தார்கள் என்பதும் பச்சை. அந்த வில்லியம்தான் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரை வடிவமைத்தவர். இது மட்டும் வெள்ளை. ஆச்சே தெரு மசூதியின் ஸ்தூபியில் உள்ள வட்ட ஓட்டை, 1867 கலவரத்தில் பீரங்கிக் குண்டு துளைத்தது என்பது பச்சை. 1867இல் இந்தத் தெருக்களில் பெரும் கலவரம் நடந்தது என்பது வெள்ளை.

இந்தப் பிரிவினை விளையாட்டின் சுவையைக் கெடுக்கும் என்று நாடக நண்பன் கடைசிவரை முனகினான். மந்திரவாதி தன் சட்டைக் கையை மடித்துக் காட்டுவது மாதிரி இருக்கிறதாம். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. உலகெங்கும் பேய்க்கதை நடைகள் கொழிப்பது எது உண்மை, எது கட்டுக்கதை என்று சொல்லாமல் விடுவதால்தான். ஆனால் அங்கே பணம் கொடுத்துப் பயப்பட வருகிறவர்கள் பெரியவர்கள். நம்மிடம் வந்திருப்பது பள்ளிப் பிள்ளைகள். அதுவும், தங்கள் சமூகத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ பாடப் புத்தகத்தில் சில பத்திகள் மட்டுமே படித்திருப்பவர்கள். அவர்களிடம் இல்லாத முன்னோர் ஒருவரை உண்மை என்று கொடுத்தால், நாளை வேறு ஒருவர் "அதெல்லாம் கதை" என்று ஒரே வரியில் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். அதோடு, உண்மையாகவே செங்கல் சுமந்தவர்களும் கதையாகிவிடுவார்கள்.

நடை முடியும் நேரம். ஏழாவது கடிதத்தில் நாயகனுக்குக் காய்ச்சல். எட்டாவதில் கையெழுத்து தடுமாறுகிறது. அப்போதுதான் ஒரு பையன் என்னிடம் வந்தான். காலையிலிருந்து பேசாமல் நடந்துகொண்டிருந்தவன்.

"அக்கா, இவரு நெஜமாவே இருந்தாரா?"

"இவர் இல்ல தம்பி. இவர மாதிரி ஆளுங்க இருந்தாங்க. அவங்க கட்டுனதுதான் நீ காலையில பாத்த சர்ச்."

"அப்ப ஏன் பொய் சொன்னீங்க?"

கடிதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். பிறகு தன் குழுவிடமிருந்த எட்டுக் கடிதங்களையும் வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பினான். அதன் பிறகு வெள்ளை அட்டைகளை எடுத்து வரிசையாகப் படித்தான். காதிர் முகைதீன் இருக்கிறார். சியா சென் யோக் இருக்கிறார். லைட் இருக்கிறார்.

"வெள்ளையில அவங்க பேரு ஒன்னுகூட இல்ல."

"இல்ல."

"யாராச்சும் தேடுனாங்களா?"

ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன, கம்பெனிக் காலத்துப் பதிவேடுகள் இருக்கின்றன, அவற்றை வைத்து வரலாற்று ஆய்வாளர்கள் இந்தக் கைதிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அந்தப் பதிவேடுகள் எந்த மொழியில் இருக்கும் என்று கேட்டான். ஆங்கிலம் என்றேன். "நான் ஆங்கிலத்துல வீக்கு" என்று சொல்லிவிட்டு, ஒன்பதாவது கடிதத்தைப் பிரிக்கத் தன் குழுவைத் தேடிப் போனான்.

கடை வாசலில் நிற்காதீர்கள்

கதைநடை தயாரிக்கும் ஆசை உங்களுக்கும் வரலாம். தைப்பிங், ஈப்போ, கிள்ளான், மலாக்கா எல்லாம் கதையோடு காத்திருக்கும் ஊர்கள்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய ஊர் ஒரு மேடை அல்ல. ஆட்கள் பிழைக்கும் இடம்.

தயாரிப்பின்போது லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறிக் கேட்டோம். பூக்கட்டும் அம்மா ஒருவர் கையை நிறுத்தாமலே சொன்னார்: "புள்ளைங்க வரட்டும்மா, வேணாங்கல. ஆனா பத்துப் பேரு பத்துப் பேரா வந்து கட வாசல்ல நின்னு போன பாத்துக்கிட்டே இருக்காங்க. பூ வாங்குறவங்க எப்படி உள்ள வர்றது? ஒரு முழம் வாங்குனா கொறஞ்சா போயிருவாங்க?" எந்தெந்தக் குழுக்களோ வந்து போனதன் வலி அது.

அந்தப் பேச்சு எங்கள் வரைபடத்தையே மாற்றிவிட்டது. கடைகளுக்கு எதிர்ப்புற அஞ்சடியில்தான் நிற்க வேண்டும். கடைக்காரரிடம் கேள்வி கேட்பதானால் முதலில் ஏதாவது வாங்க வேண்டும். அதற்காகக் குழுவுக்குப் பத்து வெள்ளி கொடுத்தோம். ஒரு குழு முழுப் பணத்துக்கும் முறுக்கு வாங்கிவிட்டது. அது அவர்கள் சுதந்திரம். பூக்கார அம்மா கொடுத்த துப்பு எந்த அட்டையிலும் இல்லாதது. குயின் தெரு வாசலிலிருந்து கோயிலுக்குள் போகிறவர்களுக்கும், பின்புறம் பிட் தெருவழியாகக் கும்பிட்டுக்கொண்டே கடந்து போகிறவர்களுக்கும் அவர் வைத்திருக்கும் கணக்கு தனி. தினமும் எத்தனை முழம் கட்டினால் மிச்சமாகாது என்பது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இந்தத் தெருக்களில் மிச்சமிருக்கும் ஆட்களைப் பொருட்படுத்த வேறொரு காரணமும் உண்டு. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. வாடகை ஏற, தலைமுறையாகக் கடைவீடுகளில் குடியிருந்த பலர் வெளியேறினார்கள். எட்டாண்டு கழித்து யுனெஸ்கோ வந்தது. காலியான வீடுகள் பல இன்று தங்கும் விடுதிகள், காப்பிக் கடைகள். அதற்குப் பிறகும் அங்கே பூக்கட்டுகிறவர், துணி தைக்கிறவர், மசாலா இடிக்கிறவர் எல்லாரும் அந்த ஊரின் வெள்ளை அட்டைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் நடையைக் கவிழ்க்கக் கூடியவை. காலை எட்டு மணிக்குத் தொடங்கிவிடுங்கள். பதினொன்றுக்கு மேல் பினாங்கு வெயிலில் எந்த நாயகனும் பிழைக்கமாட்டான். எங்கள் தூரம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்; நின்று நின்று போக மூன்று மணி நேரம் ஆனது. வெள்ளிக்கிழமை வேண்டாம், பள்ளிவாசலில் தொழுகை. கோயில் நடை நண்பகலில் சாத்திவிடும், அதற்கு முன்பே போய்விட வேண்டும். தோள், முழங்கால் மறைக்கும் உடையில் வரச் சொல்லுங்கள். அஞ்சடி எல்லா இடத்திலும் நடக்கும்படி இருக்காது. பாதி தூரத்துக்கு மோட்டார் சைக்கிள்கள் நிற்கும், பிள்ளைகள் சாலையில் இறங்க வேண்டி வரும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர் அவசியம். செயலி தேவையா என்று பலர் கேட்டார்கள். நாங்கள் காகிதத்திலேயே நின்றோம். திரையைக் கொடுத்தால் கண் திரையில்தான் இருக்கும், கோபுரத்தில் இருக்காது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெருப் பலகை மலாயில், அடிக்கல் ஆங்கிலத்தில், கடைப் பெயர் தமிழில். மூன்றையும் படிக்கத் தெரிந்தவன்தான் எங்கள் நான்காவது புதிரை அவிழ்க்க முடியும். சூலியா தெருவில் நின்று, தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல் எப்படி மலாய்ப் பலகையிலும் ஆங்கில எழுத்திலும் போய் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளியில் முதல் ஆண்டு திணறும் பிள்ளைகள் பலர் அந்தக் குழுக்களில் இருந்தார்கள். அன்று காலை அந்தப் புதிரை முதலில் முடித்தவர்கள் அவர்கள்தான்.

நடை முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் எழுதாத வெள்ளை அட்டை ஒன்று கொடுத்தோம். தங்கள் ஊரிலோ தோட்டத்திலோ வீட்டிலோ நேரில் விசாரித்து, உண்மை என்று உறுதிசெய்த ஒரு செய்தியை எழுதி அனுப்ப வேண்டும். இதுவரை பதினான்கு வந்திருக்கின்றன. ஒரு தாத்தா எந்த ஆண்டு எந்த ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டத் தொடங்கினார், ஒரு கோயில் மணியில் யார் பெயர் இருக்கிறது, ஒரு பாட்டியின் பழைய அடையாள அட்டையில் பிறந்த இடம் என்ன என்று போட்டிருக்கிறது. 'கைதிகளைப் பற்றித் தேடுகிறேன், அட்டை பிறகு வரும்' என்று ஒரு குறிப்பும் வந்தது. கையெழுத்தில் ஒரு கோடு மட்டும்தான் இருந்தது. யார் அனுப்பியது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு.

இப்போது மலாய் வடிவத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். தமிழ் தெரியாத வகுப்புத் தோழர்களும் இதே நாயகனின் பின்னால் நடக்க வேண்டும் என்று மாணவர்களே கேட்டார்கள். பச்சை அட்டைக்குத் தலைப்பு உடனே கிடைத்துவிட்டது: 'கத்தா ஓராங்'. பழுப்பு அட்டைதான் இழுத்துக்கொண்டிருக்கிறது. 'ரேக்கான்' என்று போட்டால் பொய் என்ற வாடை வருகிறது என்கிறாள் பினாங்குத் தோழி. 'இமாஜினாசி' என்று போட்டால் பள்ளிக் கட்டுரைத் தலைப்பு மாதிரி இருக்கிறது என்கிறேன் நான். சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அச்சகக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.